நிரப்பு கட்டமும் குறிப்புரையும்

மூலம் இது, உரை இது என வேறுபிரித்துக் காணுதல் பதிப்புத் தொழிலின் முதற்கடமை. ஓலைச் சுவடிகளில் இரண்டும் ஒரே எழுத்தாணியால், ஒரே அளவினவாய், புள்ளியும் இடைவெளியும் இன்றித் தொடர்ந்து செல்லும். ஆதலின் விளக்கமாக எழுதிய சொல் மூலத்துட் புகுந்து நிலைத்தலும், மூலத்தின் சொல் உரையோடு போய்விடுதலும் நேர்ந்துள்ளன. இவ்விடர் ஏட்டுக் காலத்திற்கே உரியது, அச்சு வந்தபின் ஒழிந்தது என்றே பலரும் எண்ணுவர். நம் மேசைமேல் உள்ள கணினித் திரையில் அதே இடர் வேறோர் உருவில் மீண்டும் தோன்றிப் பல்லாண்டுகள் நிரலாசிரியர்களை அலைக்கழித்த வரலாறு ஈண்டு ஆராயப்படும்.

கணினிச் செயலி ஒன்றைத் திறந்தால் நாம் எழுதுதற்கென வெற்றுக் கட்டங்கள் சில காணப்படும். அவற்றுட் சிலவற்றில் நாம் எழுதத் தொடங்குமுன்னரே மங்கிய சாம்பல் நிறத்தில் சில சொற்கள் நிற்கும். 'தேடுக' என்றோ, 'நாள்/மாதம்/ஆண்டு' என்றோ, 'பெயரை எழுதுக' என்றோ அவை அமையும். நாம் எழுதப் புகுந்ததும் அவை மறையும். எழுதியதை அழித்துவிட்டு அகன்றால் மீளும். ஆங்கிலத்தில் 'பிளேஸ்ஹோல்டர்' எனப் பெருவழக்காக வழங்கும் இதனை யாம் இக்கட்டுரையில் குறிப்புரை என்போம். அச்சொல்லை வேண்டுமென்றே எடுத்துக் கொண்டோம். கட்டத்துள் பயனர் எழுதுவது மூலம். கட்டம் தானே பேசுவது உரை. இவ்விரண்டையும் கணினி எவ்வாறு வேறுபிரித்து அறிந்தது என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் சுவடிப் பட்டியல் ஒன்றைக் கணினியில் ஏற்றும் பணியில் யாம் ஈடுபட்டிருந்தோம். அதற்குரிய செயலியை வெளியார் ஒருவர் எழுதித் தந்திருந்தார். பதிவு முடிந்தபின் ஆசிரியர் அகரவரிசையைத் தொகுத்தபோது, ஆகார வரிசையில் 'ஆசிரியர் பெயரை எழுதுக' என்னும் புலவர் ஒருவர் பல நூல்களுக்கு உரியவராய் வீற்றிருந்தார். பதிவு செய்தவர் கட்டத்தை வெறிதாக விட்ட இடங்களிலெல்லாம் குறிப்புரையே தரவாகச் சேமிக்கப்பட்டிருந்தது. உடனிருந்த மாணவர்கள் நகைத்தனர். எமக்கோ நகைப்பினும் அச்சமே மிகுந்தது. அப்பட்டியல் அச்சேறியிருப்பின், அப்'புலவரின்' காலத்தை ஆராய ஒருவர் பின்னாளில் முற்படார் என்பதற்கு உறுதி யாது?

நிரப்புதற்குரிய இடத்தை முன்னரே அமைத்து வைத்தல் கணினியோடு தோன்றியதன்று. செருமனியின் மைன்சு நகரில் 1454, 1455ஆம் ஆண்டுகளில் அச்சான பாவமன்னிப்புச் சீட்டுகள் ஐரோப்பிய அச்சுக்கலையின் மிகப் பழைய எச்சங்களுள் அடங்குவன. சைப்பிரசுத் தீவைத் துருக்கியரிடமிருந்து காத்தற்குப் பொருள் திரட்டும் பொருட்டு அவை வழங்கப்பட்டன. வாசகம் முழுதும் அச்சில் இருக்க, பெறுவோர் பெயருக்கும் நாளுக்கும் இடத்திற்கும் வெற்றிடம் விடப்பட்டது. வழங்குவோர் அதனைக் கையால் நிரப்பினர். 1549இல் வெளிவந்த ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலிலோ, பெயர் வருமிடத்தில் வெற்றிடத்திற்கு மாறாக 'என்' என்னும் எழுத்து நின்றது. இலத்தீனில் பெயரைக் குறிக்கும் 'நோமென்' என்பதன் முதலெழுத்து அஃது என்பர். இடத்தைக் காட்டி நின்று, உரியவர் வந்ததும் விலகுதற்குரிய எழுத்து அது. நம் உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுத்தோறும் சாத்தனையும் கொற்றனையும் நிறுத்தியதும், வடமொழி இலக்கணத்தார் தேவதத்தனை நிறுத்தியதும் இதனோடு ஒப்பு நோக்கத்தக்கன. சாத்தன் வந்தான் என்பதைக் கற்ற மாணவன் எவனும் அச்சாத்தன் எவ்வூரினன் என வினவியதில்லை.

தாளில் இம்முறை குழப்பம் விளைக்காமைக்குக் காரணம் உண்டு. அச்செழுத்து வேறு, கையெழுத்து வேறு. எது படிவத்தின் சொல், எது நிரப்பியவர் சொல் என்பது கண்ட அளவில் விளங்கும். கணினித் திரையில் இவ்வேறுபாடு அடியோடு நீங்கிற்று. படிவத்தின் சொல்லும் பயனரின் சொல்லும் ஒரே எழுத்துருவில், ஒரே ஒளிப்புள்ளிகளால் ஆனவை. எழுத்தாணி ஒன்றாகிவிட்டது, ஓலைச் சுவடியின் நிலை மீண்டது.

தொடக்கக்கால அமைப்பாளர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர் என்றே தோன்றுகின்றது. 1971இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய 3270 வகை முனையங்களில் திரை புலங்களாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு புலத்தின் தலைப்பிலும் ஒரு பண்புக்குறி நின்று, அப்புலம் காக்கப்பட்டதா, காக்கப்படாததா என்பதை உணர்த்திற்று. காக்கப்பட்ட புலத்தில் படிவத்தின் சொற்கள் இருக்கும். அவற்றின்மேல் எவரும் எழுத இயலாது. காக்கப்படாத புலம் பயனருக்கு உரியது. அவர் கைவைத்து மாற்றிய புலத்தில் அதனை அறிவிக்கும் அடையாளம் ஒன்று ஏறும். அவ்வடையாளம் பெற்ற புலங்களை மட்டும் நடுக்கணினி படித்துக் கொள்ளுதற்கு வழி இருந்தது. யார் சொல் என்னும் வினாவிற்கு விடை திரையின் அமைப்பிலேயே பொதிந்திருந்தது.

1980களில் பரவிய டிபேஸ் என்னும் தரவுமொழி இதனினும் தெளிவாகப் பேசிற்று. திரையில் ஒரு படிவத்தை அமைக்க அம்மொழியில் 'சே', 'கெட்' என்னும் இரு ஏவற்சொற்கள் ஒரே வரியில் வரும். முன்னது 'சொல்லுக' எனவும் பின்னது 'பெறுக' எனவும் பொருள்படும். கணினி சொல்லுவது 'சே' என்பதன் பின்னும், பயனரிடம் பெறுவது 'கெட்' என்பதன் பின்னும் எழுதப்படும். உரைக்கும் மூலத்திற்கும் எல்லை வகுக்க இதனினும் செவ்விய இலக்கணம் வேண்டுவதில்லை. பிற்காலத்தார் இதனைக் கைவிட்டமை இரங்கத்தக்கது.

கைவிட்டமைக்கு இடநெருக்கடியே காரணம். சன்னல்களும் சுட்டியும் வந்த காலத்தில், கட்டத்தின் இடப்புறத்திலோ மேலேயோ அதன் பெயர்ச்சீட்டை எழுதுதலே மரபாக இருந்தது. செயலிகள் பெருகப் பெருக, கருவிப்பட்டை என்னும் குறுகிய நிரலில் தேடற்கட்டம் ஒன்றையும் செருக வேண்டியதாயிற்று. ஆங்குப் பெயர்ச்சீட்டிற்கு இடமில்லை. ஆகவே பெயரைக் கட்டத்தின் உள்ளேயே எழுதினால் என்ன என்னும் எண்ணம் எழுந்தது. இயங்குதளம் அதற்குத் துணைசெய்யாமையின் நிரலாசிரியர்கள் தாமே ஒரு சூழ்ச்சி செய்தனர். 1991இல் தோன்றிய விசுவல் பேசிக் போன்ற மொழிகளில், இடஞ்சுட்டி கட்டத்துட் புகும்போதும் வெளியேறும்போதும் நிரலுக்கு அறிவிப்பு வரும். வெளியேறும்போது கட்டம் வெறிதாயின், குறிப்புச் சொல்லை அதனுள் எழுதி நிறத்தைச் சாம்பலாக்குவர். புகும்போது உள்ளிருப்பது அக்குறிப்புச் சொல்லே ஆயின், அதனை அழித்து நிறத்தைக் கருமையாக்குவர். காண்பார்க்கு எல்லாம் செவ்வனே தோன்றும்.

ஆயின் இச்சூழ்ச்சியில் உரை மூலத்தின் இருக்கையிலேயே அமர்ந்துவிடுகின்றது. சாம்பல் நிறம் மனிதர் கண்ணுக்கு அடையாளமே அன்றிக் கணினிக்கு அன்று. கட்டத்தின் உள்ளடக்கம் யாது எனச் செயலியின் வேறொரு பகுதி வினவினால், குறிப்புச் சொல்லே விடையாக வரும். எமது பட்டியலில் நேர்ந்தது இதுவே. தேடற்கட்டமாயின், உள்ளடக்கம் மாறியது என்னும் அறிவிப்பைப் பெற்று, 'தேடுக' என்னும் சொல்லையே செயலி தேடத் தொடங்கும். கடவுச்சொற் கட்டமாயின், எழுத்துகளை மறைக்கும் புள்ளிகள் குறிப்புச் சொல்லையும் மறைத்துவிடும். 'கடவுச்சொல்' என்பதற்கு மாறாகக் கரும்புள்ளிகள் நிற்க, ஏற்கெனவே ஏதோ எழுதப்பட்டுள்ளது எனப் பயனர் மயங்குவர். பயனர் தற்செயலாகக் குறிப்புச் சொல்லையே தம் சொல்லாக எழுதிவிட்டால், அடுத்த முறை அவர் கட்டத்துட் புகுந்தவுடன் அஃது அழிக்கப்படும். இவற்றினும் நுண்ணிய பிழை ஒன்று உண்டு. செயலியை ஆங்கிலத்தினின்று வேறு மொழிக்குப் பெயர்ப்போர் கட்டத்துள் தோன்றும் சொல்லை மாற்றி, நிரலினுள் ஒப்பிடும் சொல்லை மாற்றாது விடின், ஒப்பீடு தவறும். குறிப்புச் சொல் ஒருபோதும் அழியாது அங்கேயே நிற்கும். ஆங்கிலத்தில் மறைந்து கிடந்த பிழை மொழிபெயர்ப்பில் வெளிப்படுதல் இலக்கியத்தில் மட்டும் நிகழ்வதன்று போலும்.

இதற்கு உரிய தீர்வு நிரலாசிரியர் கையில் இல்லை. கட்டத்தை வரைந்து காட்டும் அடிப்படை நிரற்றொகுதியின் கையிலேயே இருந்தது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி தளத்தில், பொதுக் கட்டுப்பாடுகள் எனப்பெறும் தொகுதியின் 6ஆம் பதிப்பு, 'செட் கியூ பேனர்' என்னும் கட்டளையைக் கட்டத்திற்கு அனுப்ப வழிசெய்தது. அதன் இயக்கம் எளிது. ஆயினும் கருத்திற் பெரிது. குறிப்புரை கட்டத்தின் உள்ளடக்கத்தில் வைக்கப்படுவதில்லை, தனியிடத்தில் காக்கப்படுகின்றது. கட்டத்தை வரையும் தருணத்தில் உள்ளடக்கம் வெறுமை ஆயின், அச்சொல் மேற்பரப்பில் தீட்டப்படும். உள்ளிருப்பது யாது என எப்பகுதி வினவினும் 'ஒன்றுமில்லை' என்பதே விடை. எழுத்துண்டு, பொருளில்லை, தோற்றமுண்டு, தரவில்லை. மூலமும் உரையும் மீண்டும் வேறு வேறு ஏடுகளுக்குச் சென்றன. எனினும் பலவரிக் கட்டங்களுக்கு அக்கட்டளை பயன்படாது. தெரிவுப்பட்டியற் கட்டங்களுக்கு உரிய தனிக் கட்டளை பின்னர் விஸ்டா தளத்திலேயே வந்தது.

ஆப்பிள் நிறுவனத்தின் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.3 பதிப்பில் (2003) இதே பண்பு உரைக்கட்டத்தின் உட்கூறாக அமைந்தது. ஜாவா மொழியினர் கையாண்ட எஸ்.டபிள்யூ.டி. தொகுதி 2007இலும், கியூட்டி தொகுதி அதன் 4.7 பதிப்பில் 2010இலும், ஜி.டி.கே. தொகுதி 3.2 பதிப்பில் 2011இலும் இதனை ஏற்றன. ஒற்றைவரிக் கட்டத்திற்கு 2010இல் இதனை அளித்த கியூட்டி, பலவரிக் கட்டத்திற்கு அளிக்க 2013 வரை தாழ்த்தது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் வின்பார்ம்ஸ் தொகுதியின் செய்தி இன்னும் வியப்பானது. அத்தொகுதி தோன்றியது 2002இல். அதன் அடியில் உள்ள இயங்குதளம் அதற்கு முந்திய ஆண்டே குறிப்புரையை அறிந்திருந்தது. எனினும் வின்பார்ம்ஸ் கட்டத்திற்கு அப்பண்பு தன் பெயரோடு வந்து சேர்ந்தது 2019இல், டாட்நெட் கோர் 3.0 பதிப்பிலேயே. இடைப்பட்ட பதினேழாண்டும் நிரலாசிரியர்கள் ஒன்று இயங்குதளத்திற்கு நேரே கட்டளை அனுப்பினர். அன்றேல் மேற்கூறிய பழஞ்சூழ்ச்சியையே செய்தனர். எம் பட்டியலுக்குச் செயலி எழுதியவரும் இரண்டாம் வகையினரே. ஜாவாவின் ஸ்விங் தொகுதியும், 2006இல் வெளிவந்த டபிள்யூ.பி.எப். தொகுதியும் இப்பண்பு இன்றியே பிறந்தன. இத்துணைச் சிறிய உறுப்பிற்கு இத்துணை நீண்ட காத்திருப்பு ஏன் என்பதற்கு யாம் கருதுவது இது: குறிப்புரை அழகுக்குரிய அணியாகவே எண்ணப்பட்டது, தரவின் தூய்மைக்கு உரிய காப்பு என எண்ணப்படவில்லை.

இதற்கு வழங்கிய பெயர்களை நோக்கினும் இத்தடுமாற்றம் புலனாகும். 'பிளேஸ்ஹோல்டர்' என்பது இடத்தைப் பிடித்து வைத்திருப்பது. உரியவர் வரும்வரை இருக்கையில் வைத்த துணி போன்றது. டபிள்யூ.பி.எப். பயன்படுத்துவோரிடை வழங்கிய 'வாட்டர்மார்க்' என்பது தாளின் உள்ளே ஊடுருவித் தெரியும் நீர்க்குறி. எழுத்தின் கீழ்க் கிடப்பது, ஆயினும் எழுதிய பின்னும் மறையாதது. ஆதலின் அவ்வுவமை முழுதும் பொருந்தாது. பயர்பாக்சு உலாவியின் உள்மொழி ஒருகால் இதனை 'எம்ப்டி டெக்ஸ்ட்' என்றது. வெறுமையின் வாசகம் என்னும் இப்பெயரே உண்மைக்கு மிக நெருங்கியது என்பது எம் கருத்து. அதுவும் பின்னர்ப் 'பிளேஸ்ஹோல்டர்' என்பதற்கு இடம் கொடுத்து விலகிற்று. எஸ்.டபிள்யூ.டி. 'மெசேஜ்' என்றது, டெல்பை 'டெக்ஸ்ட் ஹின்ட்' என்றது, ஜாவா எப்எக்ஸ் 'பிராம்ப்ட்' என்றது. விண்டோசின் 'கியூ', ஜாவாவின் 'பிராம்ப்ட்' ஆகிய இரண்டும் நாடக மேடைச் சொற்கள். நடிகன் தன் மொழியை மறந்த வழித் திரைமறைவில் நிற்போர் தொடக்கத்தை எடுத்துக் கொடுத்தலை அவை குறிக்கும்.

எடுத்துக் கொடுத்தல் என்றவுடன், இறைவன் அடியெடுத்துக் கொடுக்கச் சேக்கிழார் பாடினார் என்னும் வரலாறு தமிழறிந்தார் நினைவிற்கு வரும். ஆயின் இரண்டற்கும் வேறுபாடு பெரிது. ஆங்கு எடுத்துக் கொடுத்த சொல்லே காப்பியத்தின் முதற்சொல்லாக நிலைபெற்றது. அதுவே அந்நூலுக்குப் பெருமை. ஈண்டு எடுத்துக் கொடுத்த சொல் நூலுட் புகுதலாகாது, புகின் பிழை.

இனி, எப்பொழுது மறைதல் வேண்டும் என்பதிலும் கருத்து வேறுபாடு இருந்தது. விண்டோசின் இயல்பான வழக்கில், இடஞ்சுட்டி கட்டத்துட் புகுந்த அளவிலேயே குறிப்புரை மறையும். எழுதத் தொடங்கும் வரை நிற்க வேண்டுமாயின் கட்டளையோடு தனிக்குறி ஒன்றைச் சேர்த்தல் வேண்டும். ஜி.டி.கே. ஆவணமும் ஓர் இடரை வெளிப்படையாகக் கூறியிருந்தது. சன்னல் திறந்தவுடனே இடஞ்சுட்டி முதற்கட்டத்தில் நிற்குமாயின், அக்கட்டத்தின் குறிப்புரையை எவரும் காணார். காட்டவே எழுதியதைக் காணுமுன் மறைத்தல் வீண் முயற்சி. முதலெழுத்து விழும்வரை நிற்றலே தக்கது என்பது எம் துணிபு.

ஆயினும் எவ்வாறு மறையினும் மறைவது மறைவதே. பெயர்ச்சீட்டை நீக்கி அதன் பணியைக் குறிப்புரைக்கே விட்ட படிவங்களில், பாதி எழுதியபின் இக்கட்டம் எதற்கு என்பதை நினைவினின்றே அறிய வேண்டும். நீல்சன் நார்மன் குழுவினர் 2014இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இதனைக் கடுமையாகச் சாடிற்று. குறிப்புரை நிற்கும் கட்டத்தை ஏற்கெனவே நிரப்பப்பட்டதாகக் கருதிப் பயனர் கடந்து செல்லுதலும் உண்டு என அது கூறும். அவ்வாண்டே முடிவுற்ற எச்.டி.எம்.எல். 5 வரையறையும், குறிப்புரை பெயர்ச்சீட்டிற்கு மாற்றாகாது என விதித்தது. வலைப்பக்கங்களுக்கு எழுந்த விதியாயினும் மேசைக்கணினிச் செயலிக்கும் அது முழுதும் பொருந்தும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். செம்மை, பச்சை, நீலம் மூன்றும் 128 அளவில் அமைந்த நடுச்சாம்பல் பழைய விண்டோஸ் திரைகளில் மங்கிய எழுத்திற்கு உரிய நிறம். வெண்ணிறத்தின்மேல் அதன் வேறுபாட்டு விகிதம் 4க்குச் சற்றுக் குறைவு. 2008இல் வந்த வலை அணுகுமை நெறிகள் இயல்பான எழுத்திற்கு 4.5 வேண்டும் என்கின்றன. முதியோர் கண்ணுக்குப் புலப்படும்படி கருமையாக்கினாலோ, அது பயனர் எழுதிய சொல்லோடு மயங்கும். மங்கினால் படிக்க இயலாது. தெளிந்தால் மூலமாய்த் தோன்றும். கண்பார்வையற்றோர்க்குத் திரையைப் படித்துக் காட்டும் கருவிகளுக்கு நிறம் என்பதே இல்லை. ஆதலின் இது குறிப்புரை என்று தனியே அறிவித்தாலன்றி அவை வேறுபாடு உணரா. ஆப்பிள் தளத்தின் அணுகுமைத் தொகுதியில் அவ்வறிவிப்பிற்குத் தனிப்பண்பு உண்டு.

தமிழில் இக்குறிப்புரைகளை அமைக்கும்போது எழும் இலக்கண வினாக்கள் சில நம் கருத்திற்கு உரியன. 'எழுது' என்னும் ஏவல் ஒருமை மரியாதைக் குறைவாகப்படும், 'எழுதுங்கள்' நீளும், 'எழுதவும்' என்பது அலுவலக வழக்கு. 'எழுதுக' என்னும் வியங்கோளையே யாம் பரிந்துரைப்போம். வியங்கோள் தன்மை முன்னிலைகளில் நிலைபெறாது என்றார் தொல்காப்பியர். எல்லா இடத்தும் எல்லாப் பாலினும் வரும் என்றார் நன்னூலார். எதிரே அமர்வோர் ஆணோ பெண்ணோ, ஒருவரோ பலரோ, இளையரோ முதியரோ என அறியாத கட்டத்திற்கு நன்னூலார் கொள்கையே கைகொடுக்கின்றது. கட்டம் குறுகியதாயின் சொற்றொடரின் கடைப்பகுதி வெட்டுண்ணும். ஆங்கிலத்தில் வினை முன்வருதலின் 'எழுதுக' என்பது நின்று, எதனை என்பது போய்விடும். தமிழிலோ வினை இறுதியில் வருதலின் வெட்டுண்பது வினையே, பெயர் எஞ்சும். கட்டம் எதற்கு உரியது என்பது அப்பொழுதும் விளங்கும். நம் தொடரமைப்பு நமக்கு எதிர்பாராது செய்த உதவி இது. ஆயின் 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என்று மொழிபெயர்த்து வைத்த கட்டங்களை எத்தொடரமைப்பும் காப்பாற்றாது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்வார்க்கு அவ்விரு கட்டங்களும் பொருந்தா. எவ்வளவு விளக்கமான குறிப்புரையும் தவறாக வகுத்த கட்டத்தைத் திருத்தாது.

எம் பட்டியலின் முடிவையும் கூறுதல் வேண்டும். 'ஆசிரியர் பெயரை எழுதுக' என்று இருந்த பதிவுகளையெல்லாம் ஒரே கட்டளையால் வெறுமையாக்கிவிடலாம் எனச் செயலி எழுதியவர் கூறினார். அவ்வாறே செய்தோம். அதன்பின்னரே வேறோர் ஐயம் தோன்றிற்று. அவ்விடங்களை வெறிதாக விட்டது சுவடியில் ஆசிரியர் பெயர் இல்லாமையாலா, பதிவு செய்தவர் குறிப்புச் சொல்லைக் கண்டு நிரப்பப்பட்டதெனக் கடந்து சென்றமையாலா? திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றின. அப்பதிவுகளுக்கு உரிய கட்டுகளை மீண்டும் அவிழ்த்து, முதலேட்டையும் கடையேட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சிலவற்றில் பெயர் இருந்தது. மற்றவற்றிற்குக் கட்டத்தில் 'பெயர் காணப்படவில்லை' என்று எம் கையாலேயே எழுதி வைத்தோம்.